நீல விளக்கில் இருபது நிமிடம்

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு ஒரு குறையும் வராது.

நேற்றுக் காலை பதினொரு மணிக்குச் சுகாதார ஆய்வாளர் கடைக்கு வந்தார். கூட இரண்டு பேர். அப்போது மூன்று பேர் தலையில் நுரையோடு உட்கார்ந்திருந்தார்கள். "இங்க முடிவெட்டின மூணு குழந்தைங்களுக்குத் தலையில படர்தாமரை. லேப் ரிப்போர்ட் வந்திருக்கும்மா. கடையை மூடணும்" என்றார். நுரையை அலசிவிடக்கூட நேரம் தரவில்லை. ஒரு அம்மாள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அப்படியே தெருவில் இறங்கிப் போனாள். எதிர்க்கடைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்று பார்த்தார்கள்.

என்ன ரிப்போர்ட் என்று கேட்டேன். காட்டினார். கீழே உன் கையெழுத்து. எனக்குத் தெரியாத கையெழுத்தா அது? கணக்கில் நான் தோற்ற வருஷமெல்லாம் அப்பாவுக்குப் பதிலாக என் மதிப்பெண் அட்டையில் நீ போட்டுக் கொடுத்த அதே வளைவு.

மார்ச் 28 அன்று நகராட்சியில் விசாரணை. அதுவரை கடையைத் திறக்கக் கூடாது. தவறு என் பக்கம் இல்லை என்று அன்றைக்குக் காட்டாவிட்டால் லைசென்ஸ் ரத்து. பதின்மூன்று வருஷம் அடுத்தவர் கடைகளில் நின்று நின்று கால் நரம்பு புடைத்த பிறகு மூன்று வருஷம் முன்புதான் எனக்கென்று ஒரு கடை வைத்தேன். அதன் கண்ணாடிக் கதவில் இப்போது சிவப்பு நோட்டீஸ். மாடியில்தான் குடியிருக்கிறேன். பால் வாங்க இறங்கினாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நான் ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஆய்வாளர் கேட்டார்: "தெரிஞ்சவங்களா?"

"தெரியாதவங்க" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை.

போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. எழுத்தில் இருந்தால் "நான் அப்படிச் சொல்லலையே" என்று பிறகு மாற்ற முடியாது.

தங்கை


பிப்ரவரி 11

தங்கைக்கு,

நான்கு முறை போன் செய்தேன். இனி செய்யமாட்டேன். நீ சொன்னபடி எழுதுகிறேன்.

எங்கள் லேபுக்கு வரும் மாதிரிகளில் பெயர் இருக்காது. எண், வயது, உடலில் எங்கே எடுத்தது, அவ்வளவுதான். டிசம்பர் கடைசியில் உங்கள் ஊர் கிளினிக்கிலிருந்து மூன்று காகித உறைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒடிந்த முடித்துண்டுகள், கொஞ்சம் செதில். காரக் கரைசலில் ஊறவைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். மெல்லிய குழாய்க்குள் கடுகை அடைத்ததுபோல முடிக்குள்ளே பூஞ்சையின் வித்துகள். பூனை நாயிடமிருந்து வருவது பெரும்பாலும் முடியின் வெளிப்பக்கத்தில் உறைபோலப் படிந்திருக்கும். இப்படி உள்ளே அடைந்திருப்பது மனிதரிடமிருந்து மனிதருக்கு வரும் வகை. சீப்பு, மிஷின், துண்டு, தொப்பி இவற்றின் வழியாக வரும். மூன்று உறையிலும் ஒன்றே இருந்தது. அதைக் கிளினிக் மருத்துவரிடம் சொன்னேன். அவர் மூன்று தாய்மார்களைக் கேட்டார். மூவரும் சொன்னது ஒரே கடையை.

எந்தக் கடை என்று ஆய்வாளர் போனில் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் தட்டின் இறுதி ரிப்போர்ட் அப்போது கையெழுத்தாகாமல் மேசைமேல் கிடந்தது. வேறொருவரிடம் தள்ளிவிட்டிருக்கலாம். பெயர் மாறியிருக்கும், பூஞ்சை மாறியிருக்காது. அதனால் போட்டேன்.

அந்தக் குழந்தைகளில் ஒன்றுக்கு ஏழு வயது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பை ஒரு மாதம் தடவியிருக்கிறார்கள். அந்தக் களிம்பு சிவப்பை மறைத்துவிட்டு அடியில் பூஞ்சைக்கு விருந்து வைக்கும். பிறகு அந்த இடம் கொழகொழவென்று வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. முதலில் பார்த்தவர் கட்டி என்று நினைத்துக் கத்தியால் கீறியிருக்கிறார். தலையில் வரும் படர்தாமரைக்கு மாத்திரைதான், அதுவும் வாரக்கணக்கில். இப்போது கொடுக்கிறார்கள். வீக்கம் வடியும். வேர் வெந்துபோன இடத்தில் முடி திரும்ப வருமா என்று சொல்ல முடியாது.

உன் கடை மூடியிருப்பது எனக்குச் சந்தோஷம் இல்லை. ஆனால் நீங்களெல்லாம் ஒரு தலையிலிருந்து எடுத்த சீப்பை ஏப்ரனில் ஒரு துடை துடைத்து அடுத்த தலையில் வைப்பதை நான் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். உன் கடையைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

"நீங்களெல்லாம்." இந்த ஒரு வார்த்தைக்காகவே உன் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பொதுவாகச் சொல்கிறாயாம். அடிப்பதையும் அடித்துவிட்டு, பொதுவாகக் கையை வீசினேன், நடுவில் உன் கன்னம் வந்துவிட்டது என்பதுபோல.

போன வருஷம் நம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா? மண்டபத்துக்குப் போகுமுன் கடைக்கு வந்து உட்கார்ந்தாய். "தலை கலைஞ்சிருக்கே, நான் வாரி விடட்டுமா?" என்று ஆசையாகத்தான் கேட்டேன். நீ கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றிவைத்த உன் சீப்பை எடுத்து என்னிடம் நீட்டினாய். கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். என்னிடம் வேலை செய்யும் நெட்டை துடைப்பத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அந்தச் சீப்பால் வாரினேன். வேறு என்ன செய்வது? நீ போன பிறகு நெட்டை கேட்டாள்: "ஏன்க்கா, உங்க சொந்த அக்காவே நம்ம சீப்பைத் தொடமாட்டாங்களா?"

அன்றைக்கே எனக்குத் தீர்ப்பு எழுதிவிட்டாய். கையெழுத்துதான் இந்த ஜனவரியில் போட்டாய்.

அந்த ஏழு வயதுப் பெண் யார் என்று எண்ணை வைத்திருக்கும் உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இங்குள்ள பள்ளிக்கூடத் தலைமையாசிரியையின் மகள். இடுப்பைத் தொடும் முடி. மாதம் ஒருமுறை நுனி வெட்ட வருவாள், சுழல் நாற்காலியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால்தான் இறங்குவாள். நேற்றுத் தாயும் மகளும் மாடி ஏறி வந்தார்கள். தலைமையாசிரியை குழந்தையின் தலைத்துணியை அவிழ்த்துத் தலையை என் பக்கம் திருப்பினார். உச்சிக்குப் பின்னால் என் உள்ளங்கை அளவு. ஒரு முடிகூட இல்லை. பொருக்கும் ஈரமும்.

"பாத்துக்கங்க. நல்லாப் பாத்துக்கங்க" என்றார்.

குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது: "ஆன்ட்டி, என் முடி உங்ககிட்டதான் இருக்கா?"

உன் மைக்ரோஸ்கோப்பில் இதையும் வைத்துப் பார்.

நான் தோற்கமாட்டேன். என் கடையில் சீப்பு எப்படிச் சுத்தமாகிறது என்று காட்ட என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. நீ மறுத்துப் பேச முடியாத சாட்சி.

தங்கை


பிப்ரவரி 20

தங்கைக்கு,

சாட்சி என்னவென்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதைவிட உறுதியான ஒன்றைச் சொல்கிறேன்.

கடை மூடிய நாளன்று சுத்தம் செய்து வைத்த சீப்புகள் அப்படியே இருக்கும். அவற்றில் மூன்றை எடு. புதிதாகக் கழுவாதே. ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு அனுப்பு. பிளாஸ்டிக் வேண்டாம், வியர்த்துவிடும். நான் தட்டுகளில் வைத்து வளர்க்கிறேன். ஒன்றும் வளரவில்லை என்றால் அதையும் எழுதித் தருகிறேன், அதே கையெழுத்தில். அது விசாரணையில் உனக்கு உதவும். வளர்ந்தால் வேறு யாருக்கும் முன்னால் உனக்குச் சொல்வேன்.

சீப்பு விஷயம். அது உன் கடைக்காகச் செய்தது இல்லை. இருபத்துநான்கு வருடமாகத் தினமும் ஊராரின் நகச்சொத்தையையும் சேற்றுப்புண்ணையும் தலைச்செதிலையும் பார்த்த கண் இது. பேருந்து இருக்கையின் தலைப்பக்கம், விடுதித் தலையணை, துணிக்கடையில் போட்டுப் பார்க்கும் சட்டையின் கழுத்து, எதுவும் எனக்கு வெறும் துணியாகத் தெரிவதில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருப்பது கஷ்டம் என்று சொல்லிப் போனவர் ஒருவர் உண்டு, அவரை உனக்கும் தெரியும். ஆனால் கடையில் ஆட்கள் இருக்கும்போது நீட்டியிருக்கக் கூடாது. அது எனக்குத் தோன்றவில்லை.

குழந்தை கேட்டதைப் படித்தேன்.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

மூன்று சீப்புகள் இதோடு வருகின்றன. என் கழுத்துக்கு நானே கயிறு அனுப்புகிறேனே என்று நெட்டை தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குப் பயம் இல்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்.

கடை திறந்த அன்று எல்லோரும் பூங்கொத்தும் சுவர்க் கடிகாரமும் கொண்டுவந்தார்கள். நீ டாக்சியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாய். வெள்ளை இரும்பு, முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே குழல் விளக்கு. சுவிட்சைப் போட்டதும் நீலமாக எரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கருவிகளைச் சுத்தம் செய்யும் பெட்டி என்றாய். நான் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று கத்தினேன்: "எல்லாரும் பாருங்க, எங்க அக்கா குடுத்தது! இந்த ஊர்ல எந்தக் கடையிலயும் இது கிடையாது!" எல்லோரும் கைதட்டினார்கள். உன் முகத்தில் நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததே இல்லை. அம்மா உனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்ததிலிருந்து நீ எங்களைப் பார்த்துச் சிரித்த ஒரே நாள் அது.

பிறகு நீயே ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினாய். இன்றும் இருக்கிறது. "இருபது நிமிடம். நடுவில் திறக்கக் கூடாது. எதுவும் பிழைக்காது."

முதல் இரண்டு மாதம் சீப்பையும் பிரஷையும் மருந்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, அதற்கப்புறம் பெட்டியில் வைத்தோம். அந்தத் தண்ணீரில் நெட்டையின் விரலெல்லாம் தோலுரிந்தது. "அக்கா, அதான் ஆஸ்பத்திரிப் பெட்டி இருக்கே, அப்புறம் எதுக்கு இந்தத் தண்ணி?" என்றாள். எனக்கும் சரி என்று பட்டது. அன்றிலிருந்து முடியை எடுத்துப்போட்டு, ஒரு அலசு அலசி, பெட்டியில் இருபது நிமிடம். மூன்று வருஷமாக ஒரு சீப்புகூட அந்தப் பெட்டிக்குள் போகாமல் அடுத்த தலைக்குப் போனதில்லை. மணி பார்த்துச் செய்தோம். ஏப்ரனில் துடைக்கும் "நீங்களெல்லாம்" நாங்கள் இல்லை.

விசாரணை அன்று அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். உன் கையெழுத்துத் தாளோடு. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட மேடமே கொடுத்த பெட்டி, மேடமே எழுதிய விதி. அதற்குமேல் என்ன சொல்வார்கள்?

இதுதான் என் சாட்சி.

தங்கை


மார்ச் 2

தங்கைக்கு,

சீப்புகள் கிடைத்தன. தட்டில் வைத்திருக்கிறேன். முடிவு தெரிய நாளாகும்.

பெட்டியை விசாரணைக்கு எடுத்துப் போக வேண்டாம். கனமானது, கண்ணாடி உடையும். அதுவும் போக, அவர்கள் கேட்பது கடையின் பொதுவான சுத்தத்தைப் பற்றித்தான். அதற்குப் பெட்டி அவசியம் இல்லை. தாளையும் கிழித்துவிடு. பழைய தாள்.

காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது.

"கனமானது, கண்ணாடி உடையும்." நீ டாக்சியில் கொண்டுவந்தபோது கனமில்லையா? என் கடைக்கு வந்தபிறகுதான் கனம் கூடியதா?

உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி மேடம், அவ்வளவு பெரிய ஆள், முடிவெட்டுகிறவளுக்கு அக்கா என்று நாலு அதிகாரிகளுக்குத் தெரிந்துவிடும். உன் கையெழுத்து ஆய்வாளரின் ஃபைலில் இருக்கலாம், என் சீப்புப் பெட்டியில் இருக்கக் கூடாது. அதுதானே? நான் "தெரியாதவங்க" என்று சொன்னதைத்தான் நீ இருபது வருஷமாக வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

தாளைக் கிழிக்கமாட்டேன். கண்ணாடியின் உள்பக்கமாக ஒட்டியிருக்கிறேன், மழை பெய்தாலும் நனையாது. பெட்டி 28ஆம் தேதி நகராட்சிக்கு வரும். நெட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

நான் ஜெயிப்பதைப் பார்க்கப் பொறுக்காதவள் நீ என்று அம்மா இருக்கும்போதே சொன்னேன். "அவ குணம் அப்படி, மனசு அப்படி இல்லடி" என்று அம்மா மழுப்பினாள். மனசை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லையே!

இனி எழுதாதே.

தங்கை


மார்ச் 10

தங்கைக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை எழுதியாக வேண்டும். முழுவதும் படி.

உன் மூன்று சீப்புகளில் இரண்டிலிருந்து வளர்ந்திருக்கிறது. குழந்தைகளின் தலையில் இருந்த அதே பூஞ்சை. வளரும் என்று உன் பிப்ரவரி 24 கடிதத்தைப் படித்த நிமிடமே எனக்குத் தெரியும்.

அந்தப் பெட்டி வேலை செய்யாது. நான் உனக்குக் கொடுத்த அன்றே வேலை செய்யவில்லை.

அந்த விளக்கு கிருமியைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத கதிரால். நீலம் வெறும் அடையாளம். சில ஆயிரம் மணி நேரம் எரிந்தபின் கதிர் தேய்ந்துவிடும், நீலம் மட்டும் அப்படியே எரியும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நல்ல விளக்காக இருந்தாலும் வெளிச்சம் பட்ட பக்கத்தில்தான் வேலை செய்யும், சீப்புப் பற்களின் இடுக்கில் எட்டாது. மருந்துத் தண்ணீர் இல்லாமல் அதை மட்டும் நம்பக் கூடாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பெட்டியைச் சோதித்தவளே நான்தான். உன் கடை திறப்பதற்கு ஆறு வாரம் முன்பு. பூஞ்சை தடவிய ஐந்து தட்டுகளை உள்ளே வைத்தேன். இருபது நிமிடம். ஐந்திலும் வளர்ந்தது. "பயன்பாட்டுக்குத் தகுதியற்றது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். பழைய சாமான் அறைக்குப் போயிற்று. விளக்கை மட்டும் மாற்றினால் உன் கடைக்கு ஆகுமே என்று தோன்றியது. அறைப் பொறுப்பாளரிடம் வாய்ச்சொல்லாகக் கேட்டு எடுத்துக்கொண்டேன். அதுவும் விதிப்படி தப்பு. புது விளக்குக்கு எழுதிப்போட்டேன். திறப்பு நாளுக்குள் வரவில்லை. வெறுங்கையோடு வர மனமில்லை. நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் ஒரு பாட்டில் வாங்கினேன், வாழ்க்கையில் முதல்முறையாக. அதை வைத்து ஸ்டிக்கரைத் துடைத்து எடுத்தேன்.

"இப்ப உபயோகிக்காதே, விளக்கு மாத்தணும்" என்று உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. நீ ஸ்டூலில் ஏறிவிட்டாய். எல்லோரும் கைதட்டினார்கள். நம் குடும்பத்தில் எனக்காக யாரும் கைதட்டியதில்லை. நான் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறிய அன்றுகூட அப்பா "சரி, விளக்கை அணைச்சிட்டுப் படு" என்றார். அன்று உன் கடையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஒரு தாள்ல எழுதிக் குடுக்கா" என்று நீ கேட்டாய். எழுதிக் கொடுத்தேன். எதுவும் பிழைக்காது என்று நான் எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியும்.

புது விளக்கு இரண்டு மாதம் கழித்து வந்தது. அடுத்த முறை வரும்போது எடுத்து வரலாம் என்று அலமாரியில் வைத்தேன். மறந்துவிட்டேன். இதை நாகரிகமாகச் சொல்ல வழி தேடினேன், கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தபோது அந்தப் பெட்டி என் கண்முன்னால் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அப்போதுகூட நினைவு வரவில்லை. ஆனால் என் சீப்பை எடுத்து நீட்ட நினைவு இருந்தது.

மார்ச் 2 அன்று உனக்கு எழுதியது உன் நன்மைக்காக இல்லை. பெட்டியைச் சோதித்தால் ஸ்டிக்கர் கதை வெளியே வரும் என்று பயந்து எழுதினேன். நீ சொன்ன காரணம் தவறு. ஆனால் நான் உன்னை ஏமாற்றப் பார்த்தேன் என்று நீ மோப்பம் பிடித்தது சரி.

விசாரணை அதிகாரிக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்கும் இதையே எழுதி இன்று அனுப்பிவிட்டேன். நகலை இதோடு வைத்திருக்கிறேன். 28ஆம் தேதி நானும் வருகிறேன்.

அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பதினேழு நாள் நான் பதில் எழுதவில்லை. எழுத எடுத்த தாளையெல்லாம் கசக்கிப் போட்டேன். அழுகை என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னை நாலு அறை அறைய முடியாத ஆத்திரம்.

நேற்று நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். திரும்பவில்லை. எல்லாம் தெரிந்தும் பெட்டியை ஏன் தூக்கி வந்தேன் என்று நீ யோசித்திருப்பாய். காகிதத்தில் எழுதுவது உனக்குச் சுலபம். பத்துப் பேர் முன்னால் வாயால் சொல்வாயா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் நெட்டையும் நானும் இரண்டு மாடி சுமந்தோம்.

அதிகாரி பெட்டியைப் போட்டுப் பார்த்தார். "நல்லா எரியுதே?" என்றார். அறையே நீலமாயிற்று. நீ எழுந்தாய். "எரியும் சார். ஆனா ஒண்ணும் சாகாது" என்றாய்.

"அப்ப பழுதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"சொந்தத் தங்கச்சிக்கா?"

அந்த இடத்தில் என்ன சொல்ல முடியும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

நீ பேருந்துக்குப் போய்விட்டாய். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. கூட்டத்தில் இருந்த தலைமையாசிரியை என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "ஊர்ல எத்தனையோ கடை இருக்கு. நான் அந்தப் பெட்டியைப் பாத்துட்டுத்தான் எம் பொண்ண உங்க கடைக்குக் கூட்டிட்டு வந்தேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து சோறு தின்றிருப்பேன்.

மருந்துத் தண்ணீரை நிறுத்தியது நான். தோலுரிந்தால் கையுறை வாங்கித் தந்திருக்கலாம். அதை உன் தலையில் கட்டவில்லை, அது என்னுடையது. மற்றதெல்லாம் உன்னுடையது.

தீர்ப்பு: பழைய சீப்பு, பிரஷ், மிஷின் தலைகள் எல்லாவற்றையும் அழித்தாயிற்று. புதிய சீப்புகளை ஒரு வாரம் எங்கள் ஆட்கள் தலையில் மட்டும் பயன்படுத்தி, மருந்துத் தண்ணீரில் சரியாகச் சுத்தம் செய்து, லேபுக்கு அனுப்ப வேண்டும். ஒன்றும் வளரவில்லை என்றால் திறக்கலாம். வளர்ந்தால் லைசென்ஸ் போயிற்று, மறுபேச்சு கிடையாது. இந்த வட்டாரத்துக்கு உங்கள் லேபை விட்டால் வேறு லேப் இல்லையாம். விதி எப்படிச் சிரிக்கிறது பார். நீ கையெழுத்துப் போடக் கூடாது என்று அதிகாரி எழுதியிருக்கிறார். நான் கேட்டு எழுத வைத்தது.

ஆறு சீப்புகள் வாரக் கடைசியில் வரும். காகித உறையில்.

உன்னை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. "தெரிஞ்சேதான்" என்று சொன்னாயே, அது மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது.

தங்கை


மே 4

தங்கைக்கு,

ஆறு தட்டுகள். நான்கு வாரம். எதிலும் எதுவும் வளரவில்லை. ரிப்போர்ட் நேற்று நகராட்சிக்குப் போயிற்று. என் உதவியாளராக இருந்தவள் கையெழுத்துப் போட்டாள். அவள்தான் இப்போது பிரிவின் தலைவர். எனக்கு ஜன்னலோர மேசை. துறை விசாரணை இன்னும் முடியவில்லை. அவள் என்னை இன்னும் "மேடம்" என்றுதான் கூப்பிடுகிறாள், பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். நான் தட்டுகளைத் தொடவில்லை. தினமும் காலையில் அவள் வருவதற்கு முன்பு கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அதற்குத் தடை எதுவும் இல்லை.

அந்த ஏழு வயது எண்ணிலிருந்து இரண்டாவது மாதிரி வந்தது. பூஞ்சை இல்லை. ஓரங்களில் முடி முளைத்து வருகிறது என்று மருத்துவர் சொன்னார். நடுவில் ஒரு சட்டைப் பொத்தான் அளவு முளைக்காது. மேல் முடியை வாரினால் மறைந்துவிடும் என்றார். மறைவது வேறு, இல்லாமல் போவது வேறு. தாயிடம் போய்ச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். ஆனாலும் அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நான் யார், என்ன செய்தேன் என்று. பதில் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை.

மூன்று வருடம் முன்பு வந்த புது விளக்கு என் அலமாரியில் இருந்தது. உடைத்துக் கழிவில் சேர்த்துவிட்டேன். பெட்டியை நீ என்ன செய்தாய் என்று கேட்கப்போவதில்லை.

இந்த மாதம் 14ஆம் தேதி எனக்கு வேலை இல்லை. காலைப் பேருந்தில் வரலாம் என்று இருக்கிறேன். என் முடி கழுத்துக்குக் கீழே வந்துவிட்டது, வெட்ட வேண்டும். நீ வேண்டாம் என்றால் எழுது, வரமாட்டேன்.

அக்கா


மே 8

அக்காவுக்கு,

கடை முந்தாநாள் திறந்தது. ஒரு நாளைக்கு நான்கு பேர் வருகிறார்கள். முன்பு நாற்பது பேர். உன் பெட்டியில் விளக்கைப் பிடுங்கிவிட்டுத் துண்டு அடுக்கியிருக்கிறேன். தாளைக் கிழிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் படிக்கிறேன், யாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல் இருப்பதற்கு.

14 அன்று உனக்கென்று தனி நேரம் கிடையாது. வரிசையில் உட்கார வேண்டும். நெட்டை உன்னோடு பேசமாட்டாள். நானும் அதிகம் பேசமாட்டேன்.

சீப்பு கொண்டு வராதே.

தங்கை